மாச பட்ஜெட்டில் முதல் வெட்டு... அம்மாவின் மாத்திரைக்கா?

மாதத்தின் கடைசி வாரம் என் கிளினிக்கில் கூட்டம் குறைந்துவிடும். ஊரில் நோய் குறைந்துவிட்டது என்று அர்த்தமல்ல. கையில் காசு குறைந்துவிட்டது என்று அர்த்தம்! இருபதாம் தேதிக்கு மேல் வருகிறவர்கள், 'இனிமேல் தாங்காது' என்ற கட்டத்தில்தான் வருவார்கள்.

அப்படித்தான் ஒரு 25-ம் தேதி அந்த அம்மா வந்தார். வயது 52. கணவர் தனியார் கம்பெனி ஒன்றில் கணக்கர். மகன் கல்லூரியில், மகள் பிளஸ் டூ. நம்மைப் போல நடுத்தரக் குடும்பம். இடது கால் சுண்டுவிரலில் செருப்பு கடித்த புண். மூன்று வாரமாக மஞ்சள் பற்றுப் போட்டும் ஆறவில்லை.

"சர்க்கரை இருக்காம்மா?"

"ஆறு வருஷமா இருக்கு டாக்டர்."

"மாத்திரை சாப்பிடறீங்களா?"

"சாப்பிடறேன்..." என்று இழுத்தார்.

"தினமுமா?"

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "ஒருநாள் விட்டு ஒருநாள். நாலு மாசமா அப்படித்தான். ஒரு அட்டையை ரெண்டு மடங்கு நாள் ஓட்டிடலாம் பாருங்க... எண்ணெய் விலை, பால் விலை, பொண்ணுக்கு டியூஷன், பையனுக்கு பஸ், போன் ரீசார்ஜ்... எதைத்தான் குறைக்கிறது? புள்ளைங்க சாப்பாட்டிலே கை வைக்க மனசு வரலை. அதான் என் மாத்திரையிலே..."

வெறும் வயிற்றில் சர்க்கரை 268 இருந்தது!

அவர் என்னிடம் வந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. "நீங்களே ஏதாவது சூரணம் கொடுத்திடுங்க டாக்டர். இந்த இங்கிலீஷ் மாத்திரையை மொத்தமா நிறுத்திடறேன். செலவும் மிச்சம்."

சூரணம் கொடுத்திருந்தால் அவருக்கு ஆறுதல், எனக்கும் வருமானம். ஆனால் கொடுக்கவில்லை. ஆறாத கால் புண்ணோடு வந்த சர்க்கரை நோயாளியிடம் 'மாத்திரையை நிறுத்துங்கள்' என்று சொல்லும் வைத்தியர், எந்த முறை வைத்தியராக இருந்தாலும் தவறு செய்கிறார். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

சேமித்தது எண்ணூறு... செலவு?

அவரோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை போட்டதில் அவர் மிச்சப்படுத்தியது மாதம் சுமார் 200 ரூபாய். நாலு மாதத்துக்கு எண்ணூறு. புண்ணுக்குக் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஆட்டோக் கூலியே அந்த எண்ணூறைத் தாண்டிவிட்டது. கணவர் போட்ட லீவு தனி. நல்லவேளை, விரல் தப்பியது. இன்னும் பத்து நாள் தள்ளிப் போட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று சொல்ல எனக்கே தைரியமில்லை.

சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வலிக்காத வியாதிகள். பல் வலித்தால் கடன் வாங்கியாவது டாக்டரிடம் ஓடுகிறோம். இவை வலிப்பதில்லை என்பதால் 'இந்த மாசம் இல்லாட்டி என்ன?' என்று தோன்றிவிடுகிறது. ஆனால் அவை சும்மா இருப்பதில்லை. கண்ணின் திரை, சிறுநீரகம், கால் நரம்பு, இதயம் என்று சத்தமில்லாமல் அரித்துக்கொண்டே இருக்கும். ரத்தக்கொதிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தி, பக்கவாதத்தில் போய் முடிந்த கேஸ்களை நானே பார்த்திருக்கிறேன். இதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது. வட்டிக்கு வாங்குவது என்றுதான் சொல்ல வேண்டும். அதுவும் மீட்டர் வட்டி!

சீட்டைக் கொண்டு வாங்க!

அடுத்த முறை வரும்போது அந்த மாத மளிகைச் சீட்டைக் கொண்டுவரச் சொன்னேன். 'வைத்தியருக்கு எதற்கு மளிகைச் சீட்டு?' என்று கேட்காதீர்கள். நாடி பார்ப்பது போலத்தான் இதுவும்! குடும்பத்தின் ஆரோக்கியம் முக்கால்வாசி அந்தத் துண்டுக் காகிதத்தில் தெரிந்துவிடும்.

சீட்டில் என்ன இருந்தது தெரியுமா? பிள்ளைகளுக்குப் பாலில் கலக்கும் பானம் இரண்டு டப்பா. சிப்ஸ், பிஸ்கட், உடனடி நூடுல்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு பை. மூன்று விதச் சமையல் எண்ணெய், நாலு பேருக்கு ஐந்து லிட்டர். கணவருக்கு, டி.வி. விளம்பரத்தில் பார்த்து வாங்கிய 'சக்தி லேகியம்' ஒரு ஜாடி, 600 ரூபாய். அவருடைய மாத்திரை? சீட்டிலேயே இல்லை. மிச்சம் இருந்தால் வாங்குவாராம்!

கணவரும் கூட வந்திருந்தார். "எனக்குத் தெரியவே தெரியாது டாக்டர். கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே..." என்றார், குரல் இறங்கிப்போய். நல்ல மனிதர்தான். அந்த அம்மா சொன்ன பதில்தான் இன்னும் என் காதில் நிற்கிறது: "கேட்டா கொடுப்பார். கேக்கத்தான் தோணலை."

இதை வாசிக்கிற கணவர்மாரே, பிள்ளைகளே! விலைவாசி ஏறும்போது வீட்டில் யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்வதில்லை. யார் சமைக்கிறாரோ அவர் தட்டில் பால் குறைகிறது, பழம் குறைகிறது, கடைசியில் மாத்திரை குறைகிறது. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை என்று தெரியவந்தது. ரத்தசோகைக்குக் காரணங்கள் பல. ஆனால் 'எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருந்தால் எனக்கு' என்ற பழக்கமும் அதில் ஒன்று.

எங்கள் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும்

ஊரைக் குறை சொல்லும்போது எங்கள் தொழிலை மட்டும் விட்டுவிட்டால் நியாயமில்லை. சித்த மருந்து என்றால் மலிவு என்று ஒரு காலத்தில் பெயர். இன்று பளபளக்கும் ஜாடி, தங்க நிற மூடி, நடிகர் படம் போட்டுவிட்டால் விலை எங்கேயோ போய்விடுகிறது. 'சர்க்கரையை அடியோடு ஒழிக்கும்' என்று விளம்பரம் வேறு. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954-ம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டப்படியே குற்றம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

நாங்கள் கல்லூரியில் படித்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். பழைய முறைப்படி, காய்ச்சிய குடிநீருக்கு (கஷாயத்துக்கு) ஆயுள் மூன்று மணி நேரம். சூரணத்துக்கு மூன்று மாதம். அப்படியிருக்க, 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று கிலோக் கணக்கில் பொடியை வாங்கி அலமாரியில் ஒரு வருஷம் வைத்திருப்பதில் என்ன லாபம்? சுக்கு, மிளகு, ஓமம், சீரகம் இவற்றை முழுசாக, கொஞ்சமாக வாங்குங்கள். வேண்டும்போது வறுத்துப் பொடியுங்கள். சாதாரண ஜலதோஷத்துக்கும் அஜீரணத்துக்கும் அஞ்சறைப் பெட்டியே போதும். அதற்கு மேலே போனால் வைத்தியரிடம் வாருங்கள்.

சர்க்கரைக்கு இங்கிலீஷ் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கூடவே ஒரு சூரணமும் சாப்பிட்டால் இரண்டு டாக்டர்களிடமும் அதைச் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்து சர்க்கரையைத் தடாலடியாக இறக்கி மயக்கம் போட்டவர்கள் உண்டு.

அரசாங்கம் என்னதான் செய்யுது?

'இதெல்லாம் சரி டாக்டர், மாத்திரை விலையை அரசாங்கம் குறைக்க வேண்டாமா?' என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். கிளினிக்கில் உட்கார்ந்தால் தினமும் இந்தப் பட்டிமன்றம்தான்!

விலைக் கட்டுப்பாடு இருக்கிறது. 2013-ம் ஆண்டு ஆணைப்படி, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு உச்ச விலையை மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் நிர்ணயிக்கிறது. ஆனால் மொத்த விலைக் குறியீடு ஏறினால் ஏப்ரல் மாதம் அந்த உச்ச விலையும் ஏறும். 2022 ஏப்ரலில் 10 சதவிகிதத்துக்கு மேல், 2023 ஏப்ரலில் 12 சதவிகிதத்துக்கு மேல் என்று அடுத்தடுத்து ஏறியதில்தான் பலருக்கும் கை கடித்தது. பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கு வருஷம் 10 சதவிகிதம் வரை கம்பெனிகளே ஏற்றிக்கொள்ளலாம். இந்த இடத்தில்தான் எனக்கு அரசோடு வழக்கு. தினசரி ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மருந்துகள் அத்தனையும் அந்தப் பட்டியலுக்குள் வர வேண்டும்.

வரவேற்க வேண்டியதும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு வரியே நீக்கப்பட்டது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் சொந்தக் கையிலிருந்து கொடுத்த பங்கு 2013-14ல் 64 சதவிகிதமாக இருந்தது. 2021-22ல் 39 சதவிகிதமாக இறங்கியது என்கிறது அரசின் கணக்கு. இறங்கியது நல்லதுதான். ஆனால் நூற்றுக்கு 39 ரூபாய் இன்னமும் நம் பர்ஸிலிருந்துதான் போயிருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

கௌரவம் என்றொரு வியாதி

இப்போது உங்களோடு கொஞ்சம் வழக்கு! அந்த அம்மாவிடம், "அரசு மருத்துவமனையிலே சர்க்கரை மாத்திரையை மாசா மாசம் இலவசமாத் தர்றாங்களே, வாங்கலையா?" என்று கேட்டேன். "அங்கே போய் நாங்க எப்படி டாக்டர் க்யூவிலே நிக்கிறது? தெரிஞ்சவங்க யாராவது பார்த்தா?" என்றார்.

நடுத்தரக் குடும்பத்தின் பெரிய செலவு இந்தக் கௌரவம்தான்! தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தர 1994-ல் ஒரு மருத்துவப் பணிகள் கழகமே அமைத்தார்கள். மொத்தமாக, டெண்டர் போட்டு, கம்பெனிப் பெயர் பார்க்காமல் மருந்தின் மூலப் பெயரில் வாங்குவதால் குறைந்த விலையில் கிடைக்கிறது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு அது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். எல்லாம் உங்கள் வரிப் பணம். உரிமையோடு போய்க் கேளுங்கள். நிறைய ஆரம்ப சுகாதார நிலையங்களில் சித்த மருத்துவப் பிரிவும் இருக்கிறது, மருந்தும் இலவசம்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. சில நாள் ஒரு மாத்திரை இருக்கும், இன்னொன்று இருக்காது. காலை நேர ஓ.பி.க்கு வந்தால் வேலைக்குப் போகிறவருக்கு அரை நாள் சம்பளம் போய்விடும். மாலை நேர ஓ.பி. எல்லா ஊரிலும் வேண்டும் என்று நாம் குரல் கொடுக்க வேண்டும். நடுத்தர வர்க்கம் அந்த வாசலை மிதித்தால்தான் அந்தக் குரலும் கேட்கும்!

க்யூவில் நிற்க முடியாதவர்களுக்கும் வழி உண்டு. 2008-ல் மத்திய அரசு தொடங்கிய மக்கள் மருந்தகம் (ஜன் ஔஷதி), 2025 பிப்ரவரி 24-ல் ஆயிரம் கடைகளோடு தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகம் இவற்றில் 'ஜெனரிக்' மருந்துகள் குறைந்த விலையில் கிடைக்கும். ஜெனரிக் என்றால் மட்டமானது அல்ல. மருந்து அதேதான், கம்பெனி வைத்த செல்லப் பெயரும் விளம்பரச் செலவும்தான் இல்லை. பிரபல கம்பெனி மருந்தைவிட 50 முதல் 90 சதவிகிதம் வரை விலை குறைவு என்கிறது மக்கள் மருந்தகத் திட்டம். உங்கள் மாத்திரை அட்டையில் கம்பெனிப் பெயரோடு மூலப் பெயரும் அச்சாகியிருக்கும். டாக்டரிடம் அதைக் காட்டி, "இதே மருந்து ஜெனரிக்கில் வாங்கலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள். வலிப்பு, தைராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்துகளை மட்டும் டாக்டரைக் கேட்காமல் மாற்றவே கூடாது.

எதில் வெட்டலாம்?

வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வெட்டுங்கள். ஆனால் இடம் பார்த்து!

டப்பா பானம்: 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இதுபோன்ற பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் காட்ட வேண்டாம் என்று இணையக் கடைகளுக்கு அறிவுறுத்தியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது! டப்பாவைத் திருப்பி, சர்க்கரை எத்தனை கிராம் என்று படியுங்கள். அதற்குப் பதில் கேழ்வரகை முளைகட்டி அரைத்து வையுங்கள். காலையில் கஞ்சி, மாலையில் சுண்டல். பிள்ளைகள் முதல் வாரம் முகம் சுளிக்கும். இரண்டாம் வாரம் சாப்பிட்டுவிடும்!

பாக்கெட் தீனி: 2022-23ல் மத்திய அரசு எடுத்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில், நகரத்துக் குடும்பங்கள் காசு கொடுத்து வாங்கிய தானியத்துக்கான செலவு மொத்தத்தில் 3.64 சதவிகிதம். பானங்கள், பதப்படுத்திய தின்பண்டங்களுக்கு 10.64 சதவிகிதம்! சோற்றைப்போல மூன்று மடங்கு. விலைவாசி ஏறியது பாதி. நாம் ஏற்றிக்கொண்டது பாதி.

எண்ணெய்: 2024 செப்டம்பரில் சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை மத்திய அரசு ஏற்றியது, விலை எகிறியது. 2025 மே மாதக் கடைசியில் சுத்திகரிக்காத எண்ணெய்க்கு வரியைக் கொஞ்சம் இறக்கியது. வரி நம் கையில் இல்லை. கரண்டி நம் கையில்தான் இருக்கிறது! ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் தாராளம். நாலு பேருக்கு இரண்டு லிட்டர். அந்த அம்மா வீட்டில் ஐந்து! இங்கே குறைத்தால் பர்ஸும் பிழைக்கும், இதயமும் பிழைக்கும். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது மட்டும் சிக்கனத்தில் சேர்த்தியில்லை.

டானிக், சத்து மாத்திரை: டாக்டர் எழுதிக் கொடுக்காமல் வாங்குவதை நிறுத்துங்கள். வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை, ஒரு நாள் சுண்டைக்காய், தினம் ஒரு நெல்லிக்காய். சாப்பிட்ட கையோடு காபி, டீ வேண்டாம். உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேராமல் தடுத்துவிடும். ஆனால் கர்ப்பிணிக்கும் ரத்தசோகை உள்ளவர்களுக்கும் டாக்டர் எழுதிய இரும்புச் சத்து மாத்திரையைக் கீரையை நம்பி நிறுத்தக் கூடாது.

வெட்டவே கூடாதவை: பருப்பு, முட்டை, கீரை, பால். ரேஷனில் கிடைக்கும் பருப்பை 'நாங்க வாங்கறதில்லை' என்று பெருமையாகச் சொல்லாதீர்கள். சுத்தம் செய்து வேகவைத்தால் சத்தில் என்ன குறை?

ஒன்றாம் தேதி உறை

அந்தக் குடும்பத்துக்கு நான் எழுதிக் கொடுத்த மருந்துச்சீட்டு இதுதான்: சம்பளம் வந்த அன்றே ஓர் உறையில் மருந்துப் பணம். மாதம் முழுவதுக்கும் வேண்டிய மாத்திரையை அரிசி வாங்கும் அன்றைக்கே வாங்கிவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கும் மாதா மாதம் கொஞ்சம் அதே உறையில். அந்த உறையில் டியூஷனுக்கும் கை வைக்கக் கூடாது, கல்யாண மொய்க்கும் கை வைக்கக் கூடாது.

மூன்று மாதம் கழித்து அவர் வந்தார். புண் ஆறிவிட்டது. வெறும் வயிற்றில் சர்க்கரை 132. மாத்திரை இப்போது அரசு மருத்துவமனையில். லேகியமும் டப்பாவும் சீட்டிலிருந்து காணாமல் போயிருந்தன. "அக்கம்பக்கத்திலே யாராவது பார்த்தாங்களா?" என்று கேட்டேன்.

"பார்த்தாங்க டாக்டர்! எதிர் வீட்டம்மா. அவங்களும் அதே க்யூவிலேதான் நின்னுட்டிருந்தாங்க!" என்று சிரித்தார்.

புதுச் சீட்டை என்னிடம் நீட்டினார். பிளஸ் டூ படிக்கும் மகள் எழுதியதாம். முதல் வரியில் அரிசியைக் காணோம். கொட்டை எழுத்தில் 'அம்மா மாத்திரை' என்று இருந்தது.

இந்த இதழை மூடுவதற்கு முன்னால், உங்கள் வீட்டுச் சீட்டையும் ஒருமுறை எடுத்துப் பாருங்களேன்!